மாமனைச் சுற்றி ஒரு மேகம்

“என் தம்பி செத்தா போயிட்டான்?”

பிரகதீஸ்வரி கேட்ட கேள்வியில், ஃபிளக்ஸ் மெஷின் பக்கம் நின்றிருந்த ஆட்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கலைமதி பதறிப்போய் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் அழகாகத் தெரிந்த படம் சட்டென்று வேறு படமாகத் தெரிந்தது.

அறந்தாங்கி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கலைமதி டிசைன் கடை வைத்திருந்தாள். பிரகதீஸ்வரியின் மகள் பொற்கொடிக்கு ஞாயிற்றுக்கிழமை அய்யனார் கோயிலில் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அந்த ஒரே மாமன் கோபிநாத் குவைத்தில் வேலை பார்க்கிறான். டிக்கெட் போட்ட பிறகு கம்பெனியில் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்குப் பதிலாக அவன் பங்காளி வீட்டு சந்தோஷ்தான் மடி கொடுக்கப் போகிறான். பேனரிலாவது கோபி குழந்தையோடு இருக்க வேண்டும் என்று, குழந்தை உட்கார்ந்திருக்கும் போட்டோவோடும் அவன் அனுப்பிய ஒரு போட்டோவோடும் வந்திருந்தாள் பிரகதீஸ்வரி.

கோபியின் போட்டோ இடுப்போடு நின்றுவிட்டது. பின்னால் இரும்புக் கட்டிலும் காயப்போட்ட துண்டும். ஆளை மட்டும் வெட்டி எடுத்து அப்படியே ஒட்டினால், கத்தரிக்கோலால் நறுக்கிய காகிதப் பொம்மை மாதிரி இருக்கும். அதனால் ஓரத்தைக் கரைத்திருந்தாள் கலைமதி. அதற்கு ஃபெதர் என்று பெயர். ஈரத்துணியை சிமெண்டுத் தரையில் வைத்து எடுத்தால், நடுவில் கருப்பாக ஈரம் இருக்கும். ஓரம் போகப் போக வெளுத்து, எந்த இடத்தில் ஈரம் முடிந்தது என்றே சொல்ல முடியாது. ஃபெதர் செய்வதும் அதுதான். ஓரத்தில் இருக்கும் புள்ளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடி போல ஆக்கிவிடும். முதலில் முழுதாகத் தெரியும் புள்ளி, அடுத்து முக்கால், அடுத்து பாதி, அப்புறம் ஒன்றுமில்லை. பின்னால் இருக்கும் படம் அதன் வழியாக எட்டிப் பார்க்கும்.

கோபியைச் சுற்றி நல்ல அகலமாகக் கரைத்து, குழந்தைக்கு மேலே நீல வானத்தில் வைத்திருந்தாள். வெள்ளை மேகத்துக்குள்ளிருந்து கோபி சிரித்தான்.

“நீயே சொல்லு தங்கச்சி. மேகத்துக்குள்ள ஆளைக் கரைச்சு வச்சா நம்ம ஊர்ல என்ன அர்த்தம்?”

சொல்ல வேண்டியதில்லை. அன்று காலைதான் கலைமதி ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் முடித்திருந்தாள். அதே மேகம், அதே அகலம். கை பழக்கத்தில் அளவைக்கூட மாற்றவில்லை.

“மன்னிச்சுக்கங்கக்கா. நல்லவேளை நேர்ல வந்து பாத்தீங்க. வாட்ஸ்அப்புல பாத்து ஓகே போட்டிருந்தா, பிரிண்டே ஆகியிருக்கும்.”

“பிரிண்டு ஆனா ஆகட்டும், கிழிச்சுப் போட்டுட்டுப் போவேன். இத அவனுக்கு அனுப்புனா என்ன நெனப்பான்? வர முடியலன்னு நேத்திலேர்ந்து போன்ல அழுவுறான்.” சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவன் மடியில புள்ள இருக்கணும். அம்புட்டுத்தான் எனக்கு.”

மடி! கலைமதிக்கு அப்போதுதான் உறைத்தது. இடுப்போடு நின்ற போட்டோவில் மடி ஏது? அதனால்தான் மேகம் தேவைப்பட்டது. மடி இருந்துவிட்டால் மேகமே வேண்டாம்.

“அக்கா, இன்னைக்கு வெள்ளிக்கிழமை. அவங்களுக்கு லீவுதானே? கூப்பிடுங்க.”

போனில் கோபி தூக்கக் கலக்கத்தோடு தெரிந்தான். “என்னக்கா?”

“எந்திரிச்சு வேட்டியக் கட்டு.”

“வேட்டியா? இங்கிட்டா?”

கலைமதி போனை வாங்கினாள். “சம்மணம் போட்டு உக்காருங்க. ஜன்னல் ஒங்க எடதுகைப் பக்கம் இருக்கணும். பாப்பா போட்டோவுல அந்தப் பக்கந்தான் வெளிச்சம். மடியில எதையாச்சும் வச்சுக் கட்டிப் பிடிங்க.”

“தலகாணி வச்சுக்கவா?”

“வேணாங்க. கனமா வேணும். கை வெயிட்டத் தாங்குற மாதிரி தெரியணும். இல்லன்னா பாப்பா காத்துல மெதக்குற மாதிரி ஆயிரும்.”

கோபியின் அறைத்தோழன் திருப்பதி, இலுப்பூர்க்காரன், அரிசிப் பையோடு வந்தான். “பாப்பா எத்தன கிலோ?”

“பத்து இருப்பா,” என்றாள் பிரகதீஸ்வரி.

“சரியாப் போச்சு, இதுவும் பத்துதான். மச்சான், நல்லாப் புடிச்சுக்க. ஆனா காது மட்டும் குத்திராத, அரிசி கொட்டிரும்.”

எல்லாரும் சிரித்தார்கள். கோபியும் சிரித்தான். திருப்பதி எடுத்த முதல் இரண்டு போட்டோவிலும் பல் மட்டும்தான் தெரிந்தது.

“பையப் பாரு கோபி,” என்றாள் அக்கா, மெதுவாக. “பொற்கொடின்னு நெனச்சுப் பாரு.”

குனிந்து பார்த்தான். கை தானாகப் பையை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டது. திருப்பதி பட்டனை அழுத்தினான். அந்தப் படம்தான் கடைக்கு வந்தது.

இனி கலைமதியின் வேலை. பிரகதீஸ்வரி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அரிசிப் பையின் மேல் பொற்கொடியை வைத்தாள் கலைமதி; பட்டுப்பாவாடை பையை மூடிவிட்டது.

“இப்ப ஓரத்தக் கரைக்க மாட்டியே?” பிரகதீஸ்வரியின் குரலில் சந்தேகம்.

“கரைப்பேன்க்கா. ஆனா மயிரிழைதான். உங்க சேலை ஓரத்த உத்துப் பாருங்க. கேமராவுல எடுத்தா அதுவே கொஞ்சம் மங்கித்தான் விழும். கத்தியால வெட்டுன மாதிரி ஓரம் எந்தப் போட்டோவுலயும் வராது. அந்த அளவுக்கு மட்டும் கரைச்சா, ஒட்டுனதுன்னு கண்ணுக்குத் தெரியாது.”

எல்லா இடத்துக்கும் ஒரே அளவு கிடையாது என்பதையும் செய்தே காட்டினாள். குழந்தையின் சுருட்டை முடிக்குக் கூடுதலாகக் கரைத்தாள். பாவாடையின் ஜரிகைக்குக் குறைவாக. கோபியின் விரல்கள் குழந்தைக்கு முன்னால் வர வேண்டும். அந்த இடத்தில் பாவாடையை மறைத்தபோது, உள்ளே இருந்த விரல்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. கடைசியில் வேட்டியின் மேல் குழந்தையின் நிழலை லேசாகப் பூசினாள். அதற்கு மட்டும் அகலமான, மென்மையான ஓரம். அதுவரை படத்தில் இருந்த குழந்தை, நிழல் விழுந்ததும் மடியில் உட்கார்ந்தது.

 திரையில் தம்பியின் விரல்கள் இருந்த இடத்தை பிரகதீஸ்வரி ஒரு விரலால் தொட்டாள்.

“ஞாயித்துக்கெழம நீ வரணும் தங்கச்சி. வராம இருந்த, கடைக்கு வந்து சண்ட போடுவேன்.”

கலைமதி போனாள். கோயில் வாசலில் பேனர் கட்டியிருந்தது. வந்தவர்கள் அதன் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சந்தோஷ் மடியில் பொற்கொடி வீறிட்டு அழுததை, பிரகதீஸ்வரி கையிலிருந்த போனில் கோபி பார்த்துக்கொண்டிருந்தான்.

பந்தியில்தான் கூத்து நடந்தது. பெரியப்பா ஆத்மநாதன் தன் பக்கத்து இலையில் கையை விரித்து மறித்துக்கொண்டு யாரையும் உட்கார விடவில்லை.

“கோபிக்குப் போட்டிருக்கு. வரட்டும்.”

“அவன் எங்க பெரியப்பா வந்தான்?” என்றாள் பிரகதீஸ்வரி.

“யாருகிட்ட கத விடுற? புள்ளைய மடியில வச்சுக்கிட்டு வாசல்ல போட்டோவுல உக்காந்திருக்கான். வராமலா எடுத்தாங்க?”

போனில் இதைக் கேட்ட கோபி விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். “பெரியப்பா, நான் வந்துட்டேன்னே வச்சுக்கங்க.”

அதற்குள் அந்த இலையில் சோறு விழுந்துவிட்டது. ஆளில்லாத இலையில் சோறு. பிரகதீஸ்வரியும் கலைமதியும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆளில்லாமல் இலை போட்டு யாருக்குப் படைப்பார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

“உக்காரு தங்கச்சி,” என்று கலைமதியின் தோளை அழுத்தி உட்கார வைத்தாள் பிரகதீஸ்வரி. “என் தம்பியக் கூட்டியாந்தவ நீதான். அவன் எலையில வேற யாரு உக்கார்றது?”

“நீங்க அன்னைக்கு என்னைய வையலன்னா அவங்க இன்னமும் மேகத்துலதாங்கக்கா இருந்திருப்பாங்க.”

“பேசாம சாப்பிடு. ரசம் வருது.”

போனுக்குள்ளிருந்து கோபி சொன்னான்: “எனக்கும் சேத்து நல்லாச் சாப்பிடுங்க. பாயசத்த மட்டும் விட்றாதீங்க.”

கலைமதி இரண்டு முறை பாயசம் வாங்கினாள்.