பெயரில்லாத சீட்டு

எங்கள் குடும்பத்தில் யாரும் விசாரணை என்று போய் நின்றதில்லை. அப்பா ஒரு பள்ளியின் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சபையில் மூப்பராக இருக்கிறேன். அதனால் வியாழக்கிழமை மகள் மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதத்தோடு வந்து நின்றபோது, முதலில் ஜன்னலைச் சாத்தினேன்.

அவள் செவிலி. ஆறாம் படுக்கைக்குப் போடவேண்டிய ஊசியை எட்டாம் படுக்கைக்காரருக்குப் போட்டுவிட்டாள். அவருக்கு அரைநாள் தலைசுற்றல், அவ்வளவுதான். யாரும் கவனிக்கவும் இல்லை. இவளே காகிதம் எடுத்து, நடந்ததை எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுத்திருக்கிறாள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உரிமம் போனாலும் போகலாம்.

"யாருமே பாக்கலங்கிற. அப்புறம் எதுக்கும்மா எழுதிக் குடுத்த?" என்று கேட்டேன்.

"நான் பாத்தேனேப்பா."

அதைச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். இரண்டாம் முறை சோறும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. கவலைப்படுவது கர்த்தர்மேல் நம்பிக்கை இல்லாததற்கு அடையாளம் என்று எத்தனையோ வீடுகளில் போய்ச் சொல்லியிருக்கிறேன். இப்போது ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் விசாரணை அறைதான் தெரிந்தது. ஆண்டவரே, அவளைக் காப்பாற்றும் என்று ஆரம்பிப்பேன்; எங்கள் பெயரைக் காப்பாற்றும் என்று முடியும். எதைக் கேட்கிறேன் என்பது எனக்கே பிடிபடவில்லை. சபையில் கேட்டவர்களிடம் மகள் விடுப்பில் இருக்கிறாள் என்று சொல்லிவைத்தேன். அது பொய்யா இல்லையா என்பதிலும் எனக்குத் தெளிவில்லை. மனைவிக்குத் தெளிவு இருந்தது. பொய்தான், ஆனால் மூப்பர் வாயிலிருந்து வந்தால் நம்பாமல் என்ன செய்வார்கள், நன்றாகச் சொல்லுங்கள் என்றாள்.

ஜெப விண்ணப்பப் பெட்டியை ஆராதனைக்கு முன்பு திறந்து, சீட்டுகளை ஒலிபெருக்கியில் வாசிப்பது என் பொறுப்பு. பெயரில்லாத சீட்டை வாசிப்பதில்லை என்ற ஒழுங்கைக் கொண்டுவந்ததும் நான்தான். வம்புக்கு எழுதுகிறவர்கள் உண்டு என்று அன்று வாதாடினேன்.

அந்த ஞாயிறு ஐந்து சீட்டுகள் இருந்தன. ஐந்தாவதில் பெயர் இல்லை. "எங்கள் வீட்டில் அப்பா பிள்ளையை நினைத்துக் கவலையில் கரைந்துகொண்டிருக்கிறார். வெளியே சொல்ல மானம் இடங்கொடுக்கவில்லை. சபை அவருக்காக ஜெபிக்கட்டும்" என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

எனக்குக் காது சூடேறியது. மகள்தான். கையெழுத்து அவளுடையதாகத் தெரியவில்லை, மாற்றி எழுதியிருப்பாள். அல்லது மனைவியோ? வேலை போகப்போவது அவளுக்கு, ஜெபம் எனக்கா? ஒன்றும் புரியாமல் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேடையில் போய் நின்றேன்.

நான்கையும் வாசித்தேன். அத்தோடு இறங்கியிருக்க வேண்டும். ஆனால் இதைக் கிழித்துப் போட்டால் என் பிள்ளை எனக்காகக் கேட்ட ஜெபத்தை நானே தடுத்தவன் ஆவேன். வாசித்தால் நான் போட்ட ஒழுங்கை நானே மீறியவன். இரண்டில் ஒன்றைத் தீர்மானித்ததாக நினைவில்லை. வாசித்துக்கொண்டிருந்தேன். முடித்த பிறகு, பெயர் சொல்லாமல் விடுவது முறையில்லை என்று பட்டது.

"அந்த வீடு என் வீடு. ஜெபம் பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு போதகர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

வெளியே வந்ததும் மகளைக் கேட்டேன். தான் எழுதவில்லை, எழுதியிருந்தால் பெயர் போட்டிருப்பேன் என்றாள். மனைவி, தான் எழுதுவதானால் ஒரு சீட்டு போதாது என்றாள்.

அப்போது லிஃப்ட்டு வந்தான். மின்தூக்கி பழுதுபார்க்கிறவன், சபையில் எல்லாருக்கும் அவன் லிஃப்ட்டுதான். அவனுடைய அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல் எழுந்து போகிறவர். என் கையைப் பிடித்து வண்டிகள் நிற்கும் பக்கமாக ஒதுக்கிக்கொண்டு போனான். அவன் கண் கலங்கியிருந்தது.

"ஐயா, அந்தச் சீட்டு நான் போட்டது. எங்கப்பாவுக்காக. தம்பி வீட்ட விட்டுப் போனதுலேர்ந்து மனுஷன் இப்படித்தான். பேர் போட்டா என்னத் தொலைச்சிடுவாரு. நீங்க அவர் மானத்தக் காப்பாத்த உங்க தலையில போட்டுக்கிட்டீங்க. இத நான் எப்படி மறப்பேன்?"

சற்று நேரம் எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது, ஒரு வழி திறந்திருப்பதும் தெரிந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பிறர் பாரத்தை மூப்பர் சுமந்தார் என்று அவனே எல்லாரிடமும் சொல்லிவிடுவான். போன மானம் இரண்டு மடங்காகத் திரும்பும். எங்கள் பெயரைக் காப்பாற்றும் என்று நான்கு நாளாக இதைத்தானே கேட்டேன்? கேட்டதைக் கொடுத்துவிட்டாரா, கொடுப்பதுபோல் காட்டிச் சோதிக்கிறாரா?

"இல்ல தம்பி," என்றேன். "நான் யாரையும் காப்பாத்தல. என் பொண்ணு ஊசி மாத்திப் போட்டுட்டா. செவ்வாய்க்கிழமை விசாரணை. சீட்டு அவ எழுதினதுன்னு நெனச்சுத்தான் வாசிச்சேன்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்ப ரெண்டு வீடு," என்றான். "ஒரு சீட்டுல ரெண்டு வீடு ஏறினா ஓவர்லோடு இல்லியாய்யா?"

நான் சிரித்திருக்க வேண்டும். தூரத்தில் மனைவி திரும்பிப் பார்த்தாள். லிஃப்ட்டு அங்கேயே, வண்டிகளுக்கு நடுவில், என் கையை விடாமல் ஜெபம் பண்ணினான். பாதியில் வார்த்தை கிடைக்காமல் நின்றான். நான் எடுத்துக்கொடுக்கவில்லை. எனக்கும் கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில் மகள் விசாரணை அறைக்குள் போனாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் லிஃப்ட்டின் அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அவரைக் கூப்பிடவில்லை; மகன் நாளைச் சொல்லியிருக்க வேண்டும். என்ன விசாரணை என்று கேட்டார். ஆறாம் படுக்கை, எட்டாம் படுக்கை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். பிறகு அவர் தன் இளைய மகனைப் பற்றிச் சொன்னார். சபையில் அவர் குரலை நான் கேட்டதே இல்லை.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. மூன்று மாதம் மேற்பார்வையில் வேலை, உரிமம் தப்பியது.

"ஃபைல்ல எழுதிட்டாங்கப்பா. எப்பவும் இருக்குமாம்," என்று சொல்லி என் முகத்தைப் பார்த்தாள்.

"இருக்கட்டும்மா," என்றேன்.

சபைமுன் சாட்சி சொல்லும்படி போதகர் கேட்கிறார். கவலை எப்போது நீங்கியது என்பதை மட்டும் சொன்னால் போதுமாம். கதவு திறந்த பிறகு என்றால் அதில் சாட்சி சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திறப்பதற்கு முன்பே, அந்தப் பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, உள்ளே தேடிப் பார்த்தேன். அது இல்லை. ஞாயிற்றுக்கிழமையே போயிற்றா, அன்று காலையில் போயிற்றா, கர்த்தர் எந்த நேரத்தில் அதை எடுத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்துச் சொல்வதாகப் போதகரிடம் சொல்லியிருக்கிறேன்.