சிம்னி தெரியும் அறை

குணசுந்தரியின் வீட்டு மாடியில் இரண்டு அறைகள், ஒரு குளியலறை, கொஞ்சம் மொட்டைமாடி. எதிரே ஒரு சிம்னி. சிம்னி மட்டும் அவளுடையதல்ல. எண்ணூர்க் கழிமுகத்துக்கு அந்தப்பக்கம் அனல் மின்சாரக்காரர்கள் நட்டது. ஆனாலும் மாடி ஏறுகிறவர் கண்ணில் அதுதான் முதலில் படும், அழைக்காத கல்யாணத்தில் முன்வரிசையில் உட்காரும் பெரிய மனிதரைப் போல.

கழிமுகத்தில் இறால் அற்றுப்போய், புருஷன் ராமதாஸின் வலை காய்ந்தே கிடக்க ஆரம்பித்தபோதுதான் அவள் மாடி அறைகளை விருந்தாளிகளுக்கு விட்டாள். அறைகள் நிறைந்தால் இந்த வீட்டில் இருக்கலாம். நிறையாவிட்டால் வியாசர்பாடியில் தம்பி வீட்டு மூலை; கூடவே தம்பி பெண்டாட்டியின் முகம்.

அதனால்தான் செங்குட்டுவன் வந்தபோது தரையை இரண்டு தடவை துடைத்தாள். பாரம்பரிய விருந்தில்லங்களைத் தேடிப்பிடித்து முத்திரை குத்தும் கம்பெனியில் அவர் பெரிய ஆள். அவர் முத்திரை விழுந்த வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆள் வருமாம். பிரான்ஸில் ஏதோ பழைய திராட்சைத்தோட்டத்துச் சீமையில், வீட்டுக்காரர்களே நடத்தும் விடுதியில் தங்கிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். அதிலிருந்து எதையும் சுழற்றாமல் குடிப்பதில்லை. குணசுந்தரி கொடுத்த நீர்மோரையும் சுழற்றினார். கறிவேப்பிலை மீசையில் ஒட்டிக்கொண்டது.

"அங்க வீட்டுக்காரம்மாவே வந்து வைன் ஊத்துவாங்க மேடம். பரம்பரைக் கதை சொல்வாங்க. 'நீங்க குடிக்கிறது திராட்சை இல்ல, எங்க மண்ணு'ன்னாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

"அவ்ளோ காரமா சார்?" என்றான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ராமதாஸ்.

செங்குட்டுவனுக்கு வீடு பிடித்திருந்தது. சில திருத்தங்கள் மட்டும் சொன்னார். நைட்டி வேண்டாம், கைத்தறிச் சேலை. எவர்சில்வர் வேண்டாம், மண்சட்டி. கூடவே ஒரு கதை. அதையும் அவரே எழுதிவைத்திருந்தார். குணசுந்தரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பக்கத்து வீட்டு அண்ணியிடம் சேலை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு ஒப்பித்தும் காட்டினாள்: "எங்கள் மூதாதையர் அலைகளின் மொழி அறிந்தவர்கள்."

"இன்னா மொழி அது?" என்றான் ராமதாஸ். "எங்க நைனா எனக்கு சொல்லவே இல்லியே."

"நீ சொம்மா கெடய்யா."

மத்தியானம் குட்டியானை வண்டியில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு மூங்கில் தட்டி வந்து இறங்கியது. மொட்டைமாடியின் ஒரு பக்கம் முழுக்க அதை நிறுத்திக் கட்டினார்கள். சிம்னி மறைந்தது. மிச்சமிருந்த சந்தில் கடல் மட்டும் நல்ல பிள்ளையாகத் தெரிந்தது. படமெடுக்கிறவர் மறுநாள் காலை வருவதாக ஏற்பாடு.

சாயங்காலம் ஒத்திகை. செங்குட்டுவன் தட்டியின் முன்னால் உட்கார்ந்து, தான் கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினார். சுழற்றினார். கண்ணை மூடி மூக்கைக் கோப்பைக்குள் விட்டார். அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. சிம்னியை மறைத்த தட்டிக்குச் சாம்பலை மறைக்கத் தெரியவில்லை. அதன் தலைக்கு மேலாக வந்து, கோப்பைக்குள் கறுப்பாக இறங்கியது.

அவர் கோப்பையை உள்ளங்கையால் மூடினார். "இத யாராவது கேட்டா கடல் பனின்னு சொல்லிடுங்க மேடம். அழகா இருக்கும்."

குணசுந்தரி அந்தச் சாம்பலைத் தினமும் பெருக்குகிறவள். கொடியில் காயும் துணியை உதறாமல் மடித்ததில்லை. சேலைக்குத் தலையாட்டினாள், சட்டிக்குத் தலையாட்டினாள். இதற்குத் தலை ஆடவில்லை.

"இன்னாது, பனியா?"

"ஒரு பேச்சுக்கு மேடம்."

"பொகய வுடுறவன் கூச்சமில்லாம நிமுந்து நின்னுகினு கீறான். அத மூடி மறைக்கிற வேல எனுக்கா? தட்டியக் கொண்டும்போயி அவன் கேட்டாண்ட கட்டு சார்."

"தட்டி இல்லேன்னா முத்திரை கிடையாது. அப்புறம் உங்க இஷ்டம்."

வியாசர்பாடி மூலை ஒரு கணம் அவள் கண்ணெதிரே வந்து நின்றது. தம்பி பெண்டாட்டியும் பின்னாலேயே வந்தாள். குணசுந்தரி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"உன் முத்திரைய நீயே வெச்சிக்க நைனா. அங்க வைன்ல மண்ணு வருதுன்னு அழுதியே, இங்க சாம்பல் வருது. இதுக்கும் கொஞ்சம் அழுதுட்டுப் போ."

ராமதாஸ் எழுந்து உள்ளே போனான். வலை அறுக்கிற கத்தியை எடுத்துவந்து தட்டியின் கயிறுகளை அறுத்தான். சிம்னி பழையபடி முன்வரிசையில் வந்து உட்கார்ந்தது.

காலையில் காற்று திரும்பியிருந்தது. செங்குட்டுவன் பெட்டியோடு அறையிலிருந்து வெளியே வந்தபோது அவருடைய தட்டி மொட்டைமாடித் தரையில் மல்லாந்து கிடந்தது. அதன்மேல் அண்ணி நெத்திலியைப் பரப்பிக்கொண்டிருந்தாள். "நல்ல தட்டி சார்," என்றாள். "இன்னொண்ணு இருந்தா அனுப்பி வை."

அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் குணசுந்தரி நைட்டிக்கு மாறினாள். ஒரு பலகையை எடுத்து, படகுக்கு அடித்த பெயிண்ட்டில் மிஞ்சியதைத் தொட்டு எழுதினாள்: 'சிம்னி தெரியும் அறை. வாடகைக்கு.'

"இதப் பாத்துட்டு எவன் வருவான்?" என்றான் ராமதாஸ்.

"வர்றவன் வரட்டும். வந்தா முழுசா பாக்கட்டும்."

பிறகு தம்பிக்குப் போன் போட்டாள். "உன் வூட்டு மூலைல வேற எதுனா போட்டு வெக்கிறதா இருந்தா வெச்சிக்கடா. நாங்க வரல."

வாசல் கம்பத்தில் பலகையைக் கட்டும்போது பெயிண்ட் இன்னும் காயவில்லை. மத்தியானக் காற்றில் வந்த சாம்பல், எழுத்துகளின் மேல் ஒட்டிக்கொண்டது. ராமதாஸ் துடைக்கத் துணி எடுத்தான்.

"வுடுய்யா," என்றாள். "அதுவும் சேர்ந்துதான் வாடகைக்கு."