அம்மாசியின் வாக்குமூலம்

துறையூர்ப் பக்கம் மக்காச்சோளக் காட்டில், காட்டுப்பன்றி என்று நினைத்து ரெங்கராஜ் நாட்டுத் துப்பாக்கியால் சுட்ட குண்டு, அவனுடைய அக்கா புருஷன் அம்மாசியின் வயிற்றில் பாய்ந்தது. அவனேதான் அவரை வேனில் போட்டுத் திருச்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தான். ஆஸ்பத்திரி வாசலிலேயே போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போனது.

ஆறாம் நாள் காலை ஐசியூவில் அம்மாசியின் தொண்டைக் குழாயை எடுத்தார்கள். குண்டு முதுகெலும்பை உரசியிருந்தது. கால் வருமா என்று டாக்டரம்மா அதுவரை உறுதி சொல்லவில்லை. அம்மாசியின் மனைவி வேலம்மாள் கட்டிலோரம் நின்றாள்.

"வலது காலை அசைங்க" என்றார் டாக்டரம்மா.

விரல்கள் மெல்ல மடங்கின.

"இப்ப இடது."

வேலம்மாள் குனிந்து பார்த்தாள். அசையவில்லை. டாக்டரம்மா ஊசியால் பாதத்தைக் குத்தினார்.

"தெரியுதா?"

"எதுங்க?" என்றார் அம்மாசி, கரகரத்த குரலில்.

வேலம்மாளுக்குத் தம்பி மேல் ஆத்திரம் பொங்கியது. அம்மாசி அவளைப் பார்த்தார்.

"உன் தம்பி எங்க?"

"ஜெயில்ல."

"போலீஸக் கூப்பிடு. பன்னின்னு நெனச்சுத்தான் சுட்டான். நான்தான் சொல்லாம கொள்ளாம காட்டுக்குள்ள போனேன்."

அவள் உடனே நகரவில்லை. அந்த இடது பாதத்தைக் கையால் பொத்தியபடி நின்றாள். பிறகு வெளியே போய், வாக்குமூலம் வாங்கக் காத்திருந்த போலீஸ் ஏட்டை அழைத்தாள்.