நானூற்றுப் பன்னிரண்டு மலைச்சாமிகள்

1

இந்தக் கதை ஓர் எண்ணிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 412. ஒரு மில்லின் ஆள் பட்டியலில் அத்தனை மலைச்சாமிகள் இருந்தால் என்ன ஆகும் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போய், இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டேன். மில் கற்பனை. எனக்கு இருக்கும் பெருமை நிஜம்.

முதல் தொடக்கம்: “1968இல், திண்டுக்கல்லில் வெயில் கொளுத்திய ஒரு பிற்பகலில்...” அடித்துவிட்டேன். திண்டுக்கல்லில் வெயில் அடித்தது ஒரு செய்தியா?

இரண்டாவது: “ஜோதிமணிக்கு எண்ணுவது பிடிக்கும்.” இது இருக்கட்டும்.

2

ஜோதிமணிக்கு எண்ணுவது பிடிக்கும். சின்னாளப்பட்டியில் தறிக்காரர் வீட்டுப் பெண். பள்ளி இறுதி முடித்ததும் திண்டுக்கல்லில் மில் ஆபீசின் அட்டைப் பிரிவில் சேர்ந்தாள். வேடசந்தூர் பக்கம் மூன்று ஆலைகளிலும் சேர்த்து ஏழாயிரத்து இருநூறு தொழிலாளர்கள், ஆளுக்கு ஓர் அட்டை, பெயர் வரிசையில் இழுப்பறைகள், ஒரே பெயருக்குள் ஊர் வரிசை.

ஒவ்வோர் இழுப்பறையிலும் முதல் அட்டைக்கு முன்னால் ஒரு ரோஸ் சீட்டைச் செருகியிருந்தாள். எந்தப் பெயர் அளவுக்கு மீறிப் பெருத்திருக்கிறதோ அந்தப் பெயரும் எண்ணிக்கையும் அதில் இருக்கும். “மலைச்சாமி 412. ஊரைக் கேட்டுத் தேடவும்.” யாரும் செய்யச் சொல்லவில்லை. யாரும் பாராட்டவும் இல்லை, அதில் அவளுக்கு வருத்தம்தான்.

3

1968இல் மதராஸில் ஓர் அறையை அடைத்து நிற்கும் கம்ப்யூட்டரில் அட்டை விவரங்களை எல்லாம் ஏற்றினார்கள். ஆளைத் தேட அதற்கு இரண்டு வழி: பெயர்வாரி, ஊர்வாரி. எந்த வழி சுருக்கம் என்று முடிவுசெய்ய, வழிக்கு ஒரே ஓர் எண்ணைக் கொடுத்திருந்தார்கள். சராசரியாக ஒரு பெயருக்கு மூன்று பேர், ஓர் ஊருக்கு எண்பது பேர். ஆகவே எப்போதும் பெயர் வழியாகவே போகும். நூறு பதிவு பார்த்தும் ஆள் கிடைக்கவில்லை என்றால் தேடுவதை நிறுத்தி ‘இல்லை’ என்று அச்சடித்துவிடும்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: அந்தக் காலத்தில் எந்த மெஷினாவது இப்படித் தேடியதா என்று கேட்டுக் கடிதம் போடாதீர்கள். இந்தக் கதையில் தேடியது.)

பழனிப் பக்கத்து ஆட்கள் இருநூறு பேரைச் சரிபார்த்ததில் முப்பத்தேழு பேருக்கு ‘இல்லை’ என்று வந்தது. போலிப் பெயர்கள் என்று முடிவுகட்டினார் மேனேஜர். திங்கட்கிழமை அவர்களை வேலையிலிருந்து நீக்க உத்தரவு.

வியாழனன்று ஒருவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

“ஏனுங் அம்மிணி, நான் இல்லீன்னு தாள்ல வந்திருக்குதுங்களாமா. இங்கதான நிக்கிறனுங்க.”

“பேரு என்னண்ணே? எந்த ஊரு?”

“மலைச்சாமிங்க. கீரனூரு.”

ஒரு நிமிடத்தில் அவருடைய அட்டையை எடுத்து மேனேஜர் மேசையில் வைத்தாள் ஜோதிமணி. “இது பழைய அட்டை. மெஷின் பொய் சொல்லாது” என்று அவர் திருப்பித் தள்ளினார்.

4

வெள்ளிக்கிழமை மதராஸிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரைக் கவனிக்கும் என்ஜினீயர் ரங்கசாமி வந்தார். [இந்த இடத்தில் இருவருக்கும் காதல் வைக்கலாமா என்று பார்த்தேன். அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தபோது அவள்... வேண்டாம். அவளுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கிறது.]

“மெஷின் தப்பு பண்ணாதும்மா.”

“பாதித் தேடலோட நிறுத்திட்டு இல்லைங்குது சார். ஒரு பேருக்கு எத்தனை ஆளுன்னு அதுக்குச் சொல்லிவச்சிருக்கீக?”

“மூணு.”

“இந்தப் பக்கம் மூத்த பயலுக்குக் குலசாமி பேரைத்தான் வைப்பாக. ஒரே சாமியக் கும்பிடுற அம்புட்டு வீட்லயும் ஒரு மலைச்சாமி. மொத்தம் நானூத்திப் பன்னெண்டு. கீரனூர்க்காரக எல்லாரையும் சேத்தாலும் ஒம்பது பேருதான். ஊர் வழியாப் போயிருந்தா ஒம்பதுல முடிஞ்சிருக்கும்.”

ரங்கசாமி ரோஸ் சீட்டை எடுத்துப் பார்த்தார். “மொத்தம் ரெண்டாயிரத்து நானூறு விதமான பேரு இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் எண்ணிக்கை வைக்க மெஷின்ல இடமில்ல.”

“எல்லாத்துக்கும் எதுக்கு சார்? பெருத்த பேரு இருவதுதான். அதுக்கு மட்டும் நெசமான எண்ணிக்கையை வைங்க. மத்ததுக்கு உங்க சராசரியே போதும்.”

இந்த வரியை எழுதியதும் நாற்காலியை விட்டு எழுந்து வீட்டுக்குள் ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். என் பாத்திரம் என்னைவிடக் கெட்டிக்காரி என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

5

அன்று சாயங்கால ரயிலில், பெருத்த பெயர்களும் எண்ணிக்கையும் எழுதிய இருபது வரிகளோடு ரங்கசாமி மதராஸ் போனார். திங்கட்கிழமை காலை வாசலில் முப்பத்தேழு பேரும் நின்றார்கள். பத்து மணிக்கு டிரங்க் கால் வந்தது. மேனேஜர் கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தார். ஜோதிமணியின் முகத்தைப் பார்க்காமல், “எல்லாரும் இருக்காங்களாம்” என்றார்.

அவள் வெளியே வந்து சொன்னாள்.

மலைச்சாமி நம்பாமல் கேட்டார். “நானும் இருக்கிறனுங்களா?”

“இருக்கீகண்ணே. வேலைக்குப் போங்க.”

6

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அந்த இருபது வரி அட்டவணை மெஷினின் கையேட்டில் அச்சாகப் போகிறது. யார் பெயரில் அச்சாகும் என்பது பாக்கி.

(அ) ரங்கசாமியின் பெயரில். எழுதிப் பார்த்தேன், பேனா ஓடவில்லை.

(ஆ) பெயரே இல்லாமல். இதுதான் நடக்கக்கூடியது. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

(இ) இதை உங்களிடம் விடுகிறேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். ஜோதிமணி என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள், அந்தப் பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். சின்னாளப்பட்டி ஜோதிமணி என்று எழுதுங்கள். பின்னால் யாராவது தேடி வந்தால் அவள் இல்லை என்று வந்துவிடக் கூடாது.