ஓக் கும்ஹி பாதியில் நிறுத்திய வாக்கியம்

1
இந்தக் கதை ஒரு பந்தயத்தில் பிறந்தது. தென்கொரியத் துறைமுக நகரமான பூசானில், எங்கள் தெருமுனையில் மீன்சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பியோ, சோஜு மதுவை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "ஓட்டுப் போடுற நாடுங்க ஒண்ணோட ஒண்ணு போருக்குப் போகாதுய்யா. எழுதி வெச்சுக்கோ." எழுதுகிறேன். பொய்யாக்குவதற்காகத்தான்.

2
முதல் தொடக்கம்: போர்க்கப்பல்கள் புகை கக்கிக்கொண்டு...

(வேண்டாம். எனக்குப் படகு ஏறினாலே வாந்தி வரும்.)

இரண்டாவது தொடக்கம்: நாடாளுமன்ற வேட்பாளர் ஓக் கும்ஹி, கட்சி நிறச் சட்டையில், நாற்சந்தியில் இடுப்பு வளைய வணங்கிக்கொண்டிருந்தார். விலைவாசி பற்றிப் பேசினார், ஒருவரும் நிற்கவில்லை. "ரெண்டு நாடும் தன்னோடதுன்னு சொல்ற அந்தப் பாறைத்தீவுக்கு நம்ம படகுகளை அனுப்புவோம்" என்றார். கைதட்டல் காதைப் பிளந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம், ஜப்பானியத் தீவு ஒன்றில், ஒலிபெருக்கி வண்டியிலிருந்து வெள்ளைக் கையுறையை ஆட்டியபடி அங்கே போட்டியிடும் ஹமாகுச்சியும் அதையே சொன்னார். அதே கைதட்டல். (இரு நாட்டுக்கும் ஒரே வாரத்தில் தேர்தல் வருமா என்று கேட்காதீர்கள். என் கதையில் வரும்.)

பந்தயத்தில் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

3
அப்போதுதான் கும்ஹிக்கு ஒரு மகனைக் கொடுத்துத் தொலைத்தேன். கட்டாயப் படைப்பணியில், அதே கடலில், ரோந்துப் படகில் இருக்கிறான்.

கும்ஹி ஹமாகுச்சிக்குப் போன் போட்டார். இரண்டு ஊரும் சேர்ந்து நடத்தும் கயிறு இழுக்கும் விழாவில் பல வருடம் எதிரெதிரே நின்றவர்கள்.

"தம்பி, அந்தப் படகுப் பேச்சை நாளைக்கு விட்டுடலாமா?"

"விட்டுடலாம்க்கா. முதல்ல நீங்க."

"கயிறு இழுக்கும்போதும் இதைத்தான் சொன்னே. நான் விட்டதும் இழுத்துட்டே."

"அது விளையாட்டுக்கா."

"என் பையன் படகுல இருக்கான்டா."



"சரிக்கா. நாளைக்குப் பத்து மணிக்கு, ரெண்டு பேரும்."

4
பியோவிடம் வாசித்துக் காட்டினேன்.

"அந்த ஹமாகுச்சி பேச்சு மாறிட்டா?" என்றார்.

"இந்தம்மா மட்டும் விட்டுக்கொடுத்துட்டாங்கன்னு தோத்துடுவாங்க," என்றேன். " ஜெயிச்சவங்க படகை அனுப்புவாங்க."

முடிவு அ: இருவரும் நிறுத்துகிறார்கள், இருவரும் அவரவர் ஊரில் கத்துகிறவர்களிடம் தோற்கிறார்கள். முடிவு ஆ: இருவரும் கத்துகிறார்கள், இருவரும் ஜெயிக்கிறார்கள், அந்தப் பையன்...

"அவன் பேரு என்னய்யா?" என்றார் பியோ.

வைக்கவில்லை. பெயர் வைத்தால் என்னால் அவனை அனுப்ப முடியாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

5
பத்து மணி. கும்ஹி மைக்கைப் பிடிக்கிறார். "நம்ம படகுகளை..." என்று ஆரம்பித்து நிறுத்துகிறார்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். கூட்டத்தின் முன்வரிசையில் உங்களை நிற்க வைத்திருக்கிறேன். நீங்கள் எதற்குக் கைதட்டுவீர்களோ அதைத்தான் இந்த அம்மா பேசுவார். அவர் பிழைப்பு அது. நான் பேனாவை மூடிவிட்டேன். அவர் உங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.