நூற்றுக்குப் பதினைந்து

விடிவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே மீன் ஷெட்டின் தகரக் கூரைக்குக் கீழே அறுபது பெண்கள் குத்தவைத்துவிட்டார்கள். ஒவ்வொருத்திக்கு முன்னாலும் ஒரு தொட்டி. தொட்டி நிறைய உடைத்த ஐஸ். ஐஸுக்குள் கணவாய் மீன். தலையைப் பிடித்து இழுத்தால் குடலும் கூடவே வரும். மைப்பை மட்டும் உடையக்கூடாது. உடைந்தால் வெள்ளைச் சதை கறுத்துவிடும். கறுத்ததற்குக் கூலி கிடையாது. முதல் அரைமணி நேரம் விரல்கள் வலிக்கும். பிறகு மரத்துப்போகும். கத்தி பட்டால்கூட தொட்டித் தண்ணீர் சிவந்த பிறகுதான் தெரியும்.

கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய். குளச்சலில் மற்ற ஷெட்டுகளிலும் அதுதான்.

லிஜிக்கு இது பதினோராவது வருடம். வயது நாற்பத்திரண்டு. கணவன் ஜஸ்டஸ் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். இரண்டு ஆடிக்கு முன்னால் கடல் அவர்களுடைய வீட்டை எடுத்துக்கொண்டது. முதல் நாள் அடுப்படி போனது. மறுநாள் சுவர்கள் போயின. சர்க்கார் கொஞ்சம் கொடுத்தது. கழுத்தில் கிடந்ததை அவள் விற்றாள். கணவாய் உரித்து மிச்சம் பிடித்ததும் சேர்ந்து நாலு லட்சம் ஆயிற்று. மண்டைக்காடு போகிற வழியில், கடலுக்கு எட்டாத தூரத்தில், மூன்று சென்ட் நிலம் பேசி, ஜஸ்டஸின் கூலியிலிருந்து முன்பணமும் கொடுத்தாயிற்று. வியாழக்கிழமை பத்திரப் பதிவு. இப்போது வாடகைக்கு இருக்கும் ஒற்றை அறையையும் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். அவருடைய மகன் துபாயிலிருந்து வருகிறானாம்.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு, அந்த நாலு லட்சத்தை எடுக்க லிஜி பேங்குக்குப் போனாள். ஊரில் எல்லோரும் அதைப் பேங்கு என்றுதான் சொல்வார்கள். ஷெட் முதலாளி கிளீட்டஸ்தான் அதற்குத் தலைவர். வேலைக்குச் சேருகிற அன்றே அங்கே கணக்குத் தொடங்க வேண்டும் என்பது ஷெட்டின் சட்டம்; கூலி அங்கேதான் விழும்.

வாசலில் கூட்டம் நின்றது. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வாராக் கடனால் நிறுவனம் நெருக்கடியில் இருப்பதாகவும், அதை மீட்க அரசு நிதி தர முன்வந்திருப்பதாகவும், அதற்கு நிபந்தனையாக ஒவ்வொரு வைப்புத்தொகையிலும் நூற்றுக்குப் பதினைந்து மீட்புப் பங்களிப்பாகப் பிடிக்கப்படும் என்றும் அதில் இருந்தது. மீதித் தொகையில் மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் ஒரு வருடத்துக்கு எடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு கூடி இதற்கு ஒப்புதல் கொடுக்க வேண்டும்.

உள்ளே கவுண்டரில் ஜெஃப்ரின் இருந்தான். லிஜியோடு கணவாய் உரிக்கிற ஜெபமணியின் மகன். லிஜி அவனிடம், பேங்கு மூழ்கினால் ஐந்து லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் உண்டு என்று டிவியில் சொல்கிறார்களே என்று கேட்டாள்.

அவன் தலையை நிமிர்த்தவில்லை. "அக்கா, அது பேங்குக்கு உள்ளது. இது கூட்டுறவுச் சங்கம்."

"இத்தன வருசமும் பேங்குன்னுதானே பைசா வாங்கினிய?"

"ஊர்தான் அப்படிச் சொல்லிச்சு. போர்டுல எங்கயாவது பேங்குன்னு இருக்கா, பாருங்க."

அவள் வெளியே வந்து பார்த்தாள். இல்லை.

நாலு லட்சத்தில் அறுபதாயிரம். வீட்டுக்கு நடக்கும்போது அவள் வேறு விதமாகக் கணக்குப் போட்டாள். ஐயாயிரம் கிலோ கணவாய். ஐயாயிரம் கிலோவை உரித்து வேறொருவன் வாயில் போட்டதுபோல இருந்தது. வீட்டில் ஜஸ்டஸிடம் சொன்னபோது அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, நிலத்துக்காரரிடம் தவணை கேட்கப் போனான். இரண்டு வாரம் பார்ப்பேன், அதற்கு மேல் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று பதில் வந்தது.

ஷெட்டில் லிஜிக்குப் பக்கத்துத் தொட்டி ஸ்டெனியுடையது. பி.காம். படித்துவிட்டு மூன்று வருடமாகக் கணவாய் உரிப்பவள். மறுநாள் வேலை முடிந்ததும் இருவரும் சங்கத்துக்குப் போனார்கள். ஆண்டறிக்கையைக் கேட்பது உறுப்பினருக்கு உரிமை என்றாள் ஸ்டெனி. ஜெஃப்ரின் முதலில் இல்லை என்றான். பிறகு தலைவரைக் கேட்க வேண்டும் என்றான். லிஜி அவனிடம் கோபப்படவில்லை. அவனுடைய அம்மாவின் தொண்ணூறாயிரமும் இதில்தானே கிடக்கிறது என்று மட்டும் கேட்டாள். அவன் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான். வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். ஸ்டெனி அதை எடுத்துக்கொண்டாள்.

வாராக் கடன் யாருடையது என்று முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தது. கிளீட்டஸின் ஐஸ் பிளாண்டுக்குக் கொடுத்த கடன், வட்டியோடு இரண்டு கோடியே முப்பது லட்சம். ஒரே தவணைத் தீர்வாக எண்பது லட்சம் வாங்கிக்கொண்டு கணக்கை முடித்திருந்தார்கள். மீதி ஒன்றரைக் கோடி தள்ளுபடி. தீர்மானத்துக்குக் கீழே தலைவர் என்று கையெழுத்துப் போட்டிருந்ததும் கிளீட்டஸ்தான்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு கிளீட்டஸ் ஷெட்டுக்கு வந்தார். கூட மேஸ்திரி சிலுவையும் வந்தான், அவன் கையில் ஒரு கட்டுத் தாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு யாரும் சிரமப்பட்டு வர வேண்டாம், பங்களிப்புக்குச் சம்மதம் என்று இப்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும் என்று சிலுவை சொன்னான். மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினரின் சம்மதம் வேண்டுமாம். ஈரக் கைகளில் ஆளுக்கொரு தாளும் பேனாவுமாகத் திணித்துக்கொண்டே போனான்.

சில பேனாக்கள் அசைந்தன. லிஜி எழுந்தாள்.

"முதலாளி, இதுல போடாட்டா?"

"போடாட்டா சங்கத்தைப் பூட்டுவான். நூறும் போவும்," என்றார் கிளீட்டஸ். "பதினஞ்சு போனாலும் எம்பத்தஞ்சு மிஞ்சுதேன்னு கும்புடணும் நீங்க."

"உங்களுக்க டெபாசிட்டுலயும் பதினஞ்சு பிடிப்பியளா?"

"எனக்கு அங்க டெபாசிட் கிடையாது."

"கடன் மட்டும்தான் உண்டு, இல்லியா?"

ஷெட்டில் கத்திகள் நின்றன. கிளீட்டஸ் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இப்போதும் கூப்பிடவில்லை. "ஏட்டி, யாருட்டி உனக்குச் சொன்னது?"

ஸ்டெனி புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தாள். "நீங்க அச்சடிச்சதுதான். முப்பத்தொண்ணாம் பக்கம். ஒன்றரைக் கோடி தள்ளுபடி."

"ஐஸ் பிளாண்ட் நஷ்டத்துல போச்சு. தொழில்னா நஷ்டம் வரும். வந்தா எல்லாரும் சேர்ந்துதான் தாங்கணும்."

"லாபம் வந்தப்ப நாகர்கோவில்ல மாடி வீடு கட்டினிய," என்றாள் லிஜி. "அதுல எங்கள ஒரு நாள் இருத்தினியளா? எனக்க வீட்டைக் கடல் எடுத்துச்சு. கடலுகிட்டப் போய்க் கேக்க முடியாது. இது கடல் எடுக்கல. நீங்க எடுக்கிய. உங்ககிட்டக் கேப்பேன்."

கிளீட்டஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு மணிக்கு லாரி தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். நாலு டன் சரக்கு. அவருடைய குரல் தணிந்தது. தணிந்த குரல்தான் அங்கே எல்லோரும் பயந்தது. கையெழுத்துப் போட்டவர்கள் வேலையைப் பார்க்கலாம், போடாதவர்களுக்கு நாளை முதல் இங்கே தொட்டி கிடையாது, வடக்கேயிருந்து ரயிலேறி வந்து உரிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்றார்.

லிஜி கத்தியைத் தொட்டிக்குள் போட்டாள். ரப்பர் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தாள். யாரையும் வா என்று கூப்பிடவில்லை. கூப்பிடும் தைரியம் அவளுக்கு இல்லை. ஒவ்வொருத்தி வீட்டிலும் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் வாசலைத் தாண்டும்போது பின்னால் ஒரு தொட்டி நகரும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. ஸ்டெனி வந்தாள், இன்னொரு தொட்டிக்காரி லிஜா வந்தாள், எதிர் வரிசை முழுவதும் வந்தது. முன்பே கையெழுத்துப் போட்ட ஒருத்தி சிலுவையின் கையிலிருந்து தன் தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

எட்டு மணிக்கு ஷெட்டுக்குள் ஏழு பேர்தான் இருந்தார்கள். அதில் ஒருத்தி ஜெபமணி. அவளைப் பற்றி யாரும் தப்பாகப் பேசக் கூடாது, மகனுக்கு அந்தச் சங்கத்தில்தான் வேலை என்று லிஜி சொன்னாள்.

வாசலில், லாரி திரும்புகிற இடத்தில் அவர்கள் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. உள்ளே ஐஸ் உருகி, தண்ணீர் ஓடை வழியாக அவர்கள் காலடிக்கே வந்தது. கிளீட்டஸ் ஃபோனில் கத்திக்கொண்டிருந்தார். எஸ்.ஐ. ஒருவர் ஜீப்பில் வந்து, பாதையை மறிப்பது குற்றம் என்றார். எங்கள் பைசாவை எங்களைக் கேட்காமல் பிடிப்பது குற்றமில்லையா என்று லிஜா கேட்டாள். அது சிவில் விஷயம், அதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்றுவிட்டு அவர் ஜீப்பிலேயே உட்கார்ந்துகொண்டார்.

பத்தரை மணிக்கு ஏலம் முடிந்து மீன்காரப் பெண்கள் வந்தார்கள். ஆலய நடை வரைக்கும் செய்தி போய்விட்டது. அவர்களுடைய பைசாவும் அந்தச் சங்கத்தில்தான் கிடந்தது. தினமும் இருநூறும் முந்நூறுமாகக் கட்டியது. பக்கத்து ஷெட் பெண்கள் ஈர ஏப்ரனோடு வந்தார்கள். ஸ்டெனி சிலுவையின் தாள் ஒன்றைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் 'எனக்குச் சம்மதமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தாள்கள் கை மாறின.

சங்கத்தில் ஆயிரத்து ஐநூறு உறுப்பினர்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறுத்தால் தீர்மானம் தோற்கும். தோற்றால் என்ன ஆகும் என்று ஒரு மீன்காரப் பெண் கேட்டாள். ஸ்டெனி பொய் சொல்லவில்லை. சங்கம் பூட்டப்படலாம், வழக்குக்குப் போக வேண்டியிருக்கும், ஆனால் தள்ளுபடி செய்த கடனை முதலில் வசூலி என்று கேட்க அதற்குப் பிறகுதான் வழி இருக்கிறது என்றாள். அந்தப் பெண் பேனாவை நீட்டச் சொன்னாள்.

இரண்டு மணிக்கு லாரி பாதிச் சரக்கோடு போனது. அதற்கு மட்டும் வழி விட்டார்கள், டிரைவரும் கூலிக்காரன்தான். அந்த நேரத்தில் ஷெட்டுக்குள்ளிருந்து ஜெபமணி வந்தாள். அவளுடைய விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. லிஜிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தப் புத்தகம் எப்படி வெளியே வந்தது என்று ஜெஃப்ரினைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள், அவன் நான்தான் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டானாம் என்றாள். அழவில்லை.

"அவனுக்கு வேலை போச்சா அக்கா?"

"நாளைக்குத் தெரியும்." அவள் கையைச் சேலையில் துடைத்தாள். "எங்க போடணும்? காட்டு."

அவளோடு சேர்த்து எண்ணியபோது நூற்றுப் பதினெட்டு கையெழுத்து. இன்னும் நானூறுக்குக் கிட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. தெருவுக்கு இரண்டு பேராகப் பிரித்துக்கொண்டார்கள். லிஜிக்கும் ஜெபமணிக்கும் துறைமுகத்துக்கு மேற்கே உள்ள தெரு விழுந்தது.

முதல் வீட்டில் கதவைத் திறந்தவர் ஒரு விசைப்படகுத் தொழிலாளி. யாருக்கும் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னார்.

"சரி," என்றாள் ஜெபமணி. "உங்களுக்கு எவ்வளவு அங்க கிடக்கு?"

அவர் உள்ளே திரும்பி, மனைவியிடம் சங்கத்துப் பாஸ்புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். பிறகு கதவை முழுக்கத் திறந்து, உள்ளே வந்து இருங்கள் என்றார்.