ஓட்டுநரின் பின்னந்தலை

தையல் மேசையில் அளவு டேப்பைக் காணவில்லை. இடுப்பைக் குறைக்க வேண்டிய ஒரு கால்சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வீடு முழுக்கத் தேடினாள். கடைசியில் கூடத்தில் கிடைத்தது. அவளுடைய கணவர் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, டேப்பால் தன் உள்ளங்கையை அளந்துகொண்டிருந்தார். எதிரே மேசையில் கைப்பேசி. அதில் முடி வெட்டும் மெஷின்களின் படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன.

“உள்ளங்கைக்கு எதுக்குங்க அளவு?”

“மெஷின் ஒரு சாண் நீளம் வருதாம். தலைக்குப் பின்னாடி கொண்டு போனா கைக்கு அடங்குமான்னு பாக்கறேன். இனிமே வீட்டுலயே வெட்டிக்கலாம்னு இருக்கேன்.”

அவள் டேப்பை வாங்கிக்கொள்ளவே மறந்துபோனாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரே சலூனுக்குப் போகிறவர் அவர். வெட்டி முடித்த பிறகும் அரட்டை முடியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, ஊர்ச் செய்தி முழுக்கத் திரட்டிக்கொண்டு வருவார். ஏன் திடீரென்று இப்படி என்று கேட்டதற்கு, நேரம் மிச்சமாகும் என்றார். மிச்சமாகும் நேரத்தில் என்ன செய்யப்போகிறார் என்று கேட்டாள். அவர் டேப்பைச் சுருட்டி அவள் கையில் வைத்தார்.

அவள் அக்கம்பக்கத்தாருக்கு உடை தைத்துக் கொடுப்பவள். துணியை வாங்கியவுடன் கத்தரிக்கோலை எடுக்க மாட்டாள். யார் போடப்போகிறார்கள், உட்கார்ந்து செய்யும் வேலையா, நின்று செய்யும் வேலையா என்று துருவித் துருவிக் கேட்பாள். கேட்காமல் வெட்டினால் துணிதான் வீண் என்பாள். அதனால் வீட்டில் அவளுக்குக் ‘கேள்வித்தாள்’ என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவரே இப்போது கேள்விக்கு நழுவினார். கொஞ்ச நாளாகவே அவர் சுவரோடு ஒட்டித்தான் உட்காருகிறார். குளித்துவிட்டு வந்தால் தலைத்துண்டை எடுப்பதில்லை. தலையணையைக்கூடத் தனியாக நகர்த்திப் போட்டுக்கொள்கிறார். வெட்டி வைத்த துண்டுகள்போல எல்லாம் அவள் மனதில் தனித்தனியாகக் கிடந்தன. எந்தத் துண்டு எதோடு சேரும் என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை மாலை இருவரும் கடைக்குப் போனார்கள். விற்பனையாளர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து தங்க நிறத்தில் மின்னும் ஒன்றை முதலில் எடுத்து வைத்தார். விளக்கு எரிந்தது, எண்கள் ஓடின. அவள் அதைக் கையில் வாங்கி, கொண்டையைத் தொடுவதுபோலத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சற்று நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள் வலித்தது. இவ்வளவு கனமானதைப் பிடித்துக்கொண்டு பின்னந்தலையை முடிப்பதற்குள் கை நடுங்கிவிடாதா என்று கேட்டாள்.

அப்புறம் கேள்விகள் நிற்கவில்லை. பாதித் தலையில் சார்ஜ் தீர்ந்தால் ஒயரைச் செருகிக்கொண்டே வெட்ட முடியுமா? முடியின் உயரத்துக்காக மாட்டும் சீப்பு நன்றாகக் கவ்விப் பிடிக்குமா, தட்டினால் கழன்றுவிடுமா? பிளேடைக் கழற்றிக் கழுவலாமா, எண்ணெய் விட வேண்டுமா? தாடிக்கு இருக்கும் சின்ன மெஷின் தலைக்குப் போதாதா? விற்பனையாளர் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். தாடி மெஷின் அடர்ந்த முடியில் சிக்கி இழுக்கும், தலைக்குத் தலை மெஷின்தான் என்றார். சீப்பு கழலுமா என்ற கேள்விக்கு மட்டும், சரியாக மாட்டினால் கழலாது என்று இழுத்தார்.

“அக்கா, நீங்க இந்தப் பக்கம் வந்து நில்லுங்க. நான் அந்தப் பக்கம் வந்து வாங்கிக்கிறேன்” என்றார் கடைசியில்.

அவள் சிரித்தாள். கணவர் சிரிக்கவில்லை. அவள் எண்ணெய்ப் புட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் விற்பனையாளர் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் கேட்டது அவள் காதில் விழுந்தது.

“வேற யாரும் பாக்காம, நாமளே பின்னந்தலைய வெட்டிக்க எது தோதா வரும்?”

வேற யாரும் பாக்காம. அந்த மூன்று வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டே அவள் வீடு வந்து சேர்ந்தாள். கையில் இலேசான, அதிகம் இரையாத, ஒயரோடும் ஓடக்கூடிய ஒரு சாதாரண மெஷின் இருந்தது.

மறுநாள் காலை அவர் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டார். தான் உதவுவதாக அவள் சொன்னதற்கு, நீண்ட பஸ்ஸைக் கண்ணாடியைப் பார்த்தே ஷெட்டுக்குள் பின்னால் ஏற்றுகிறவனுக்குத் தலை ஒரு பெரிய விஷயமா என்றார். அவர் ஒரு தொழிற்சாலையில் ஊழியர்களை ஏற்றிச் செல்லும் பஸ்ஸின் ஓட்டுநர். சுவர்க் கண்ணாடிக்கு எதிரே இன்னொரு கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டால் போதும் என்பது அவர் கணக்கு. ஆனால் இரண்டு கண்ணாடியில் எல்லாம் இடம் மாறிப்போகும் என்பதும், ஒரு கையால் கண்ணாடியையும் ஒரு கையால் மெஷினையும் பிடித்தால் சீப்பை அழுத்திப் பார்க்க மூன்றாவது கை வேண்டும் என்பதும் அந்தக் கணக்கில் இல்லை.

மெஷின் இரைந்தது. எதிலோ மோதுவதுபோல ஒரு சத்தம். ஏதோ தரையில் விழுந்து உருண்டது. பிறகு மெஷினும் அடங்கியது.

“என்னங்க, ரிவர்ஸ்ல எங்கயாவது இடிச்சுட்டீங்களா?”

வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. சீப்பு தரையில் கிடந்தது. உச்சியிலிருந்து பிடரிவரை, வெறும் பிளேடு ஓடிய பாதை வெள்ளையாகத் தெரிந்தது. சிரிக்க வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். அந்தப் பாதைக்குப் பக்கத்தில், அவள் இதுவரை பார்த்திராத ஒன்று இருந்தது. நாணய அளவில் ஒரு வட்டம். அதில் ஒரு முடிகூட இல்லை. கன்னம்போல வழவழவென்று இருந்தது.

அவள் கை தானாக அதைத் தொடப் போனது. அவர் சட்டென்று விலகினார்.

“தொடாத. உனக்கும் ஒட்டிக்கப்போகுது.”

தலையணை ஏன் தள்ளிப் போனது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. விலகிய தலையை இழுத்துப் பிடித்து, உள்ளங்கையை அந்த வட்டத்தின்மேல் வைத்து மூடினாள்.

“ஒட்டிக்கிட்டா ஒட்டிக்கட்டும். இனிமே ஒரு கேள்விக்கும் நழுவாதீங்க. எத்தனை நாளா இது?”

அவர் குளியலறை முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். முதலில் பார்த்தது சலூன்காரர்தான். என்ன இது, புழுவெட்டா என்று அவர் உரக்கக் கேட்டதும், காத்திருந்த ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். அதோடு சலூன் நின்றது. ஆனால் பஸ்ஸை நிறுத்த முடியாதே. ஓட்டுநரின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. வழி முழுக்க எல்லோரும் பார்ப்பது அவர் பின்னந்தலையைத்தான். அவருக்குப் பின்னிருக்கையில் வருஷக்கணக்கில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டே வரும் கணக்குப் பிரிவு அம்மாள், ஒரு நாள் ஊசி நூலோடு எழுந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டார். அடுத்தடுத்து அந்த வரிசையே காலியானது.

“ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல. கண்ணாடியில பாக்கறேன், எல்லாரும் பின்னாடி நெருக்கிக்கிட்டு நிக்கறாங்க. முன்னாடி சீட்டு காத்து வாங்குது.”

மேற்பார்வையாளரிடம் யாரோ புகார் சொல்லியிருந்தார்கள். அவர் பக்குவமாகத்தான் பேசினார். ஒரு வாரத்தில் சரியாகாவிட்டால், சரியாகும்வரை உதிரிபாக லாரிக்கு மாறிக்கொள்ளும்படி சொன்னார். லாரி என்றால் வாரத்தில் பாதி நாள் வெளியூர். தலையை ஒட்ட வெட்டிவிட்டால் வட்டம் தெரியாது என்று நினைத்துத்தான் இந்த மெஷின்.

“ஒட்ட வெட்டினா இன்னும் நல்லாத்தான் தெரியும். இதையும் யார்கிட்டயும் கேக்கல” என்றாள் அவள். பிறகு சீப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வெறும் பிளேடோடு மெஷினைக் கையில் எடுத்தாள். “திரும்புங்க. கோடு விழுந்தாச்சு, இனி அதுக்குத் தகுந்த மாதிரி மிச்சத்தையும் ஒட்ட வெட்டிச் சமமாக்கறேன்.”

துணிக்கு ஓரம் வெட்டும் அதே நிதானத்தோடு வெட்டினாள். காதோரம் வந்தபோது காதை மடக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை நாள் வீணாகச் சலூனில் போய் உட்கார்ந்திருந்தோமே என்று முணுமுணுத்தார்.

திங்களன்று விடுப்பு எடுத்துக்கொண்டு இருவரும் தோல் மருத்துவரைப் பார்த்தார்கள். அவர் ஒரு பூதக்கண்ணாடியை வைத்து அந்த இடத்தை உற்றுப் பார்த்தார். புழுவெட்டு என்பது பேருக்குத்தான், இதில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை என்றார். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே ஆள் தெரியாமல் முடியின் வேரைத் தாக்குகின்றன. பலருக்கு முடி திரும்ப வளர்ந்துவிடும். சிலருக்கு நாளாகும், மறுபடியும் வரலாம். ஆனால் தொட்டாலோ பக்கத்தில் உட்கார்ந்தாலோ ஒட்டவே ஒட்டாது. தலையில் வரும் படைநோய் என்றால் கதை வேறு, அது பரவும். பார்த்துச் சொல்லத்தான் மருத்துவர் இருக்கிறார், பார்ப்பவர்கள் எல்லாம் பெயர் வைக்க வேண்டியதில்லை என்றார். சீப்பையும் மெஷினையும் பொதுவாக யாரோடும் பங்கு போடாமல் இருப்பது நல்லது என்றும் சொல்லி மருந்து எழுதினார்.

வெளியே வந்ததும் அவர் தயங்கினார். “டாக்டர் சொன்னது உனக்கும் எனக்கும் தெரியும். பஸ்ல இருக்கறவங்களுக்கு? தொப்பி போட்டுக்கட்டுமா?”

“தொப்பி போட்டா, தொப்பிக்குள்ள என்னன்னு பேசுவாங்க. அவங்க கேக்க மாட்டேங்கறாங்க. நீங்க கேக்க வைங்க.”

மறுநாள் காலை பஸ்ஸில் எல்லோரும் ஏறி முடித்தார்கள். முன்வரிசை காலி. அவர் சாவியைத் திருப்பவில்லை. இருக்கையிலிருந்து எழுந்து, பயணிகளைப் பார்த்துத் திரும்பி நின்றார். அவர் முகத்தை முழுசாக அன்றுதான் பார்ப்பதுபோலப் பலர் பார்த்தார்கள்.

“என் பின்மண்டைய நீங்க எல்லாரும் பாத்தாச்சு. நேத்து டாக்டரும் பாத்தாச்சு. இது ஒட்டாதுன்னு சொல்லிட்டாரு. யாருக்காவது ஏதாவது கேக்கணும்னா கேளுங்க. கேட்டப்புறம்தான் வண்டிய எடுப்பேன்.”

நடுவிலிருந்து ஒருவர், வலிக்குமா என்று கேட்டார். வலிக்காது என்றார். இன்னொருவர், முடி திரும்ப வளருமா என்றார். வளரலாம் என்றார். தன் தங்கைக்கும் இதேபோல இருக்கிறது, வீட்டை விட்டே வெளியே வருவதில்லை என்று ஒரு பெண் மெல்லச் சொன்னாள். அந்த மருத்துவர் இருக்கும் தெரு எது என்று கேட்டாள்.

கடைசி வரிசையில் கம்பளி பின்னும் அம்மாள் எழுந்தார். நூலுருண்டையை அணைத்துக்கொண்டு, நிற்பவர்களை விலக்கி முன்னால் வந்தார்.

“தம்பி, கேட்டா உங்க மனசு நோகுமேன்னுதான் கேக்காம இருந்தேன். கேக்காம எழுந்து போனதுதான் நோகடிச்சிருக்கு. தெரியாத ஒண்ணப் பாத்தா ஒதுங்கிப் போறதுக்கு முன்னாடி, நின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். வயசாகியும் எனக்கு அது தோணல.”

சொல்லிவிட்டுத் தன் பழைய இடத்தில், அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். அடுத்து ஒருவர் வந்தார். பிறகு அந்தப் பெண்ணும் வந்தாள். மேற்பார்வையாளரிடம் தானே பேசிவிடுவதாக அம்மாள் சொன்னார்.

அவர் வண்டியை எடுத்தார். முதல் திருப்பம் தாண்டியதும் பின்னாலிருந்து அம்மாளின் குரல் வந்தது.

“கேக்கலாம்னு சொன்னீங்களே, இன்னொண்ணு கேக்கறேன். வெட்டு ரொம்பச் சீரா இருக்கே. எந்த சலூன்?”

“வீட்டுலதான், அக்கா” என்றார் அவர், கண்ணாடியில் நிறைந்திருந்த முன்வரிசையைப் பார்த்தபடி. “ஆனா மெஷின நம்பிடாதீங்க. பின்னாடி வெட்டறதுக்கு, பின்னாடி ஒரு ஆள் வேணும்.”